ரயிலுக்கு அடியிலிருந்து வரும் கருகல் வாடை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறத்தாழ 29 கிலோமீட்டர். அதற்குள் 18 நிலையங்கள். ஆகவே எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஒரு மின்சார ரயில், ஒரு நடைக்குள் 17 முறை வேகம் பிடித்து 17 முறை நின்றாக வேண்டும். இத்தடத்தில் பல ஆண்டுகளாக வாசலை ஒட்டி நின்றே போய்வரும் என்னைப் போன்ற ரயில் பித்தர்களுக்கு, வண்டி மாம்பலத்துக்குள் நுழையும்போது காலடியில் பிரேக்கிலிருந்து எழும் அந்தக் கருகல் வாடை, காப்பிக்கடை வாசனையைப் போலப் பழகிப்போன ஒன்று. ஆனால் அதே வாடை பக்கத்தில் நிற்பவரை முகம் சுளிக்கவோ பதறவோ வைப்பதையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பதற்றத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

இந்த வண்டிகளில் பிரேக் பிளாக் என்பது சக்கரத்தின் ஓடும் பரப்பிலேயே நேராக அழுந்தும் ஒரு கட்டை. முன்பெல்லாம் அது வார்ப்பிரும்பு. அழுந்தும்போது, சாணை பிடிப்பவர் சக்கரத்தில் கத்தியை வைத்தால் வருமே, அந்த இரும்பு மணமும் பொறியும் வரும். நிற்பதற்குச் சற்று முன் பிடி திடீரென இறுகுவதால் கிரீச்சென்ற ஓசையும் கூடவே வரும். இன்று பெரும்பாலும் பலவகைத் தூள்களைப் பினாலிக் என்ற செயற்கைப் பிசினால் இறுக்கிச் செய்த கலவைக் கட்டைகள். பழைய வீடுகளின் கறுப்பு பேக்கலைட் சுவிட்ச் சூடேறிக் கருகினால் எழும் வாடையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பேக்கலைட்டும் அதே பிசின் குடும்பம்தான்.

வாடை காற்றோடு போய்விடுகிறது, தூசு போவதில்லை. நடைமேடையில் வண்டி நுழையும் பக்கத்து முனையில் நின்று, கீழே உள்ள ஜல்லியையும் கான்கிரீட் கட்டைகளையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்: நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியைவிட அங்கே செம்பழுப்பு அடர்ந்திருக்கும். சக்கரமும் தண்டவாளமும் பிரேக் கட்டையும் ஒன்றையொன்று தேய்த்து உதிர்த்த இரும்பு, துருவாகிப் படிந்த நிறம் அது. திறந்தவெளியில் மழையும் காற்றும் அதை ஓரளவு கரைத்துக்கொள்கின்றன. சுரங்கத்தில் அந்த வசதி இல்லை. லண்டன் சுரங்க ரயிலின் தூசை ஆராய்ந்தவர்கள், அதில் மிகுதியாக இருப்பது இரும்பும் இரும்பு ஆக்சைடும் என்று கண்டார்கள். இந்தத் தூசு குறையவும் ஒரு வழி வந்திருக்கிறது: மும்முனை மோட்டார் பூட்டிய புதிய மின்சார ரயில்களில், வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கட்டைக்குக் கடைசிச் சில விநாடிகளில்தான் பெரும்பாலும் வேலை. இதை மின்சாரச் சேமிப்பு என்றே எல்லோரும் பேசுகிறார்கள். நாளெல்லாம் தண்டவாளத்தோரம் நின்று வேலை செய்பவரின் நுரையீரலுக்கும் அது சேமிப்பு என்பதை யாரும் பேசக் காணோம்.

இவையெல்லாம் வழக்கமான வாடையும் தூசும். வழக்கத்தை மீறியது ஒன்று உண்டு: பிரேக் விலகாமல் சக்கரத்தைப் பிடித்தபடியே இருந்துவிடுவது. ரயில்வேக்காரர்கள் அதைப் பிரேக் பைண்டிங் என்பார்கள். விரைவு ரயில்களின் பிரேக் குழாயில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ இருக்கும்வரை பிரேக் விலகி நிற்கும். அழுத்தம் குறைந்தால் பிடித்துக்கொள்ளும். யாராவது சங்கிலியை இழுத்த பிறகு அந்தப் பெட்டியில் அதைச் சரியாக மீட்டு வைக்காவிட்டால், வண்டி கிளம்பினாலும் அந்தப் பெட்டியின் கட்டைகள் மட்டும் சக்கரத்தை விடாமல் தேய்த்துக்கொண்டே வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு ரயிலில் எனக்கே அது நேர்ந்தது. ஜன்னல் வழியே புகை உள்ளே வர, எதிர் இருக்கைப் பாட்டி, "தம்பி, தீப்பிடிச்சிருச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே பையைத் தூக்கிவிட்டார். "இல்லம்மா, பிரேக்கு விடலை, அவ்வளவுதான். உக்காருங்க" என்றேன். அடுத்த நிறுத்தத்தில் ஊழியர் ஒருவர் டார்ச்சுடன் குனிந்து பெட்டிக்கு அடியில் ஒரு கைப்பிடியை இழுத்தார்; புஸ்ஸென்று காற்று இறங்கியது, பாட்டியும் பையை இறக்கி வைத்தார்.

2025 ஜனவரி 22 அன்று மகாராஷ்டிரத்தின் ஜல்கான் மாவட்டத்தில், லக்னோவிலிருந்து மும்பை சென்ற புஷ்பக் விரைவு ரயிலில் அப்படிச் சொல்ல யாரும் இல்லாமல் போனது. தீ என்ற பேச்சு பரவிச் சங்கிலி இழுக்கப்பட்டது. இறங்கி அடுத்த தண்டவாளத்துக்குப் போனவர்கள் மீது எதிரே வந்த கர்நாடகா விரைவு ரயில் மோதியது. குறைந்தது 12 பேர் இறந்தார்கள். தீயே இல்லை. பிரேக் இறுகியதில் கிளம்பிய பொறியும் புகையும் அந்தப் பேச்சுக்குத் தொடக்கமாக இருந்திருக்கலாம் என்று முதற்கட்டத் தகவல்கள் கூறின.

பெரிய நிலையங்களில் வண்டி நுழையும்போது பெட்டிகளைப் பராமரிக்கும் கேரியேஜ் பிரிவு ஊழியர்கள் இருபுறமும் நின்று, கண்ணாலும் காதாலும் மூக்காலும் ஒவ்வொரு பெட்டியையும் சோதிப்பார்கள். கருகிய கிரீஸ் வாடையா, பிரேக் வாடையா, ஒயர் எரியும் வாடையா என்று அவர்கள் பிரித்தறிவார்கள்; மூன்றில் முதலாவது அச்சுத் தாங்கியின் (பேரிங்) சூடு, மூன்றாவதுதான் மின்தீக்கான எச்சரிக்கை. இந்த அறிவில் கால்பங்கைப் பயணிக்கும் கொடுப்பதில் ரயில்வேக்கு என்ன தயக்கம் என்பது எனக்குப் புரியவில்லை. தூய்மை பற்றியும் படிக்கட்டுப் பயணம் பற்றியும் ஒலிபெருக்கியில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பிரேக் வாடை பற்றி ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அறிவிப்பு மக்களை இன்னும் பயமுறுத்தும் என்பார்கள். தெரியாததால் வரும் பயம்தானே ஜல்கானில் அவர்களை இறங்க வைத்தது?

சங்கிலிக்குப் பக்கத்தில், காரணமின்றி இழுத்தால் ஆயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது ஓராண்டு வரை சிறை என்று எழுத இடம் இருக்கிறது. அதற்குக் கீழே இரண்டு வரி சேர்த்தால் போதும்: "பெட்டிக்கு அடியிலிருந்து கருகல் வாடையோ புகையோ வந்தால் பிரேக் இறுகியிருக்கலாம், டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள் அல்லது 139-ஐ அழையுங்கள். இறங்கத்தான் வேண்டுமென்றால், அடுத்த தண்டவாளம் இல்லாத பக்கமாக இறங்குங்கள்."