'தி லாஸ்ட் ஸ்டேஷன்' பார்க்கும்முன் அந்த உயிலைத் தெரிந்துகொள்ளுங்கள்

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் கடைசி மாதங்களைச் சொல்லும் 'தி லாஸ்ட் ஸ்டேஷன்' (2009) படத்தைப் பலரும் ஒரு கிழத் தம்பதியின் சண்டையாகவே பார்க்கிறார்கள். அதில் தப்பில்லை. கிறிஸ்டோபர் பிளம்மரும் ஹெலன் மிரனும் அப்படி வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சண்டையின் முடிச்சு ஒரு உயிலில் இருக்கிறது. அது புரியாவிட்டால் மனைவி சோஃபியா வெறும் ஆங்காரக்காரியாகத்தான் தெரிவார்.

1881க்குப் பிறகு எழுதியவற்றின் பதிப்புரிமையை டால்ஸ்டாய் 1891லேயே துறந்துவிட்டார். 'போரும் அமைதியும்', 'அன்னா கரேனினா' போன்ற பழைய நூல்களைச் சோஃபியா பதிப்பித்து வந்தார். குடும்பத்துக்கு அது முக்கிய வருமானம். அவற்றையும் பொதுவுக்கு விட வேண்டும் என்றுதான் சீடர் செர்ட்கோவ் நெருக்கினார். ஆனால் ரஷ்யச் சட்டப்படி 'எல்லோருக்கும் சொந்தம்' என்று உயில் எழுதினால் செல்லாது, வாரிசாக ஓர் ஆளின் பெயர் வேண்டும். அதனால் மகள் சாஷாவின் பெயர் போடப்பட்டது. 1910 ஜூலை 17 அன்று எழுதிய உயிலில் 'நல்ல மனத்தெளிவோடும் நினைவோடும்' என்ற வாசகம் விட்டுப்போயிற்று. ஆகவே ஜூலை 22 அன்று காட்டுக்குள் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, மூன்று சாட்சிகள் முன்னால், மறுபடியும் தன் கையாலேயே எழுதினார். 13 பிள்ளைகளைப் பெற்று, 'போரும் அமைதியும்' கைப்பிரதியைத் திரும்பத் திரும்பப் படியெடுத்துக் கொடுத்த மனைவிக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நள்ளிரவில் அவர் கணவரின் காகிதங்களைத் துழாவியது இதனால்தான். அந்தச் சத்தம் கேட்ட இரவில்தான், பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி அக்டோபர் 28 விடியுமுன், 82 வயதுக் கிழவர் வீட்டைவிட்டுக் கிளம்பினார்.

படத்தின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் இதற்குப் பிறகு வருவதில்தான். செயலாளர் புல்ககோவுக்கு மாஷா என்ற கற்பனைக் காதலியைக் கொடுத்து அவ்வளவு நேரம் செலவழித்தவர்கள், அந்தப் பயணத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். திருச்சபை விலக்கிவைத்த மனிதர் ஆப்டினா மடத்து வாசல்வரை போனார், துறவிகளைச் சந்திக்காமலே திரும்பினார். பிறகு ஷமோர்தினோ கன்னிமடத்திலிருந்த தங்கை மரியாவிடம் போனார். எப்பேர்ப்பட்ட காட்சிகள் அவை! ஆப்டினாவுக்குப் போகும் வழியில், கோஸெல்ஸ்க் ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுக்கப் புகையும் நெரிசலுமாக இருந்ததால், காற்று வேண்டி வெளி மேடையில் குளிரில் நெடுநேரம் நின்றிருக்கிறார். அடுத்த சில நாட்களில் கடும் காய்ச்சல், நிமோனியா. அக்டோபர் 31 மாலை அஸ்டபோவோ ரயில் நிலையத்தில் இறக்கினார்கள், நிலைய அதிகாரி ஓஸோலின் தன் வீட்டைக் கொடுத்தார்.

செர்ட்கோவ் உடனே உள்ளே அனுமதிக்கப்பட்டார். தனி ரயில் பிடித்து வந்த சோஃபியாவைப் பிள்ளைகளும் மருத்துவர்களும் தடுத்தார்கள். கணவர் நினைவிழந்த பிறகுதான் விட்டார்கள். நவம்பர் 7 காலை 6.05க்கு உயிர் பிரிந்தது. படம் அந்தக் கடைசிச் சந்திப்பைக் கொஞ்சம் இளக்கியே காட்டுகிறது. நிஜத்தில் அவ்வளவுகூடச் சோஃபியாவுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொன்று, பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடாதீர்கள். அந்தக் காலத்தில் எடுத்த அசல் படச்சுருள் வருகிறது, அதில் நிஜ டால்ஸ்டாய் நடமாடுகிறார்.