காப்பீட்டு ஏஜென்டாகச் சேரும் முன் ஒரு திருத்தம்

"தேர்வில் தேறினால் போதும், கமிஷன் அதிகம் தரும் நாலைந்து கம்பெனிகளையும் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்" என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். இது தவறு. இதை நம்பி இறங்கும் பிள்ளைகள் சிக்கிக்கொள்வார்கள்.

தனி ஏஜென்ட் ஒருவர் ஆயுள் காப்பீட்டில் ஒரே நிறுவனம், வாகனம், தீ விபத்து போன்ற பொதுக் காப்பீட்டில் ஒன்று, மருத்துவக் காப்பீட்டை மட்டும் விற்கும் நிறுவனங்களில் ஒன்று என்றுதான் பிரதிநிதியாக இருக்க முடியும். பயிர்க் காப்பீடு போன்ற ஒரே வகைக் காப்பீட்டை மட்டும் விற்கும் நிறுவனம் ஒன்றையும் சேர்க்கலாம். இரண்டு ஆயுள் நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்ய இடமில்லை. மாற வேண்டுமானால் பழைய நிறுவனத்திடம் விலகல் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். தரகு நிறுவனத்தின் கீழ் சேர்ந்து பல கம்பெனிகளின் எளிய பாலிசிகளை விற்பது வேறு வழி. அண்ணன் இரண்டையும் குழப்பிவிட்டார் என்று நினைக்கிறேன்.

ஒரு பிரிவுக்கு ஒரே நிறுவனம்தான் என்றால் கமிஷனை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாமா? நம் குமரி மாவட்டத்தில் பெரிய சிகிச்சை என்றால் பலரும் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடுகிறோம். ஆகவே மருத்துவக் காப்பீட்டுக்கு நாகர்கோவில், மார்த்தாண்டம் மருத்துவமனைகளோடு எல்லைக்கு அப்பால் உள்ளவையும் அந்த நிறுவனத்தின் பணமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் (கையிலிருந்து பணம் கட்டாமல், நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகச் செலுத்தும் இடங்கள்) இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். குளச்சலில் கடலுக்குப் போகிறவருக்கும் குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவருக்கும் அந்தத் தொழிலைச் சொல்லியே பாலிசி தருவார்களா என்று கேளுங்கள். தொழிலை மறைத்து எழுதிய விண்ணப்பம், இழப்பீடு கேட்கும் நாளில் அந்தக் குடும்பத்தின் தலையில்தான் விடியும். அன்று அவர்கள் தேடி வருவது உங்கள் வீட்டு வாசலுக்கு.