"40 செ.மீ.யில் கட்டி" என்று எழுதினால் போதுமா?

கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை (ஸ்கோப்) விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது, கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ நடக்கிறது. அறுவை சிகிச்சை தஞ்சாவூரிலோ திருச்சியிலோ. ஸ்கோப் விட்டவர் ஒருவர், கத்தி எடுப்பவர் இன்னொருவர், இருவரும் போனில் பேசிக்கொள்வதுகூட அபூர்வம். அவர்களுக்கு நடுவே இருப்பதெல்லாம் நோயாளியின் மஞ்சப்பைக்குள் மடித்துக் கிடக்கும் ஒரு தாள். அதில் "40 செ.மீ.யில் 2 செ.மீ. கட்டி" என்று மட்டும் இருந்தால், அந்த ஸ்கோப்பில் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்பேன். நோயைக் கண்டுபிடித்தாயிற்று, இடத்தைச் சொல்லவில்லை.

கல்லணையிலிருந்து 40 கிலோமீட்டர் என்றால் எந்த ஊர்? காவிரியிலா, வெண்ணாற்றிலா, புது ஆற்றிலா என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பெருங்குடலில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ஆறே நீளும், சுருங்கும். ஸ்கோப் உள்ளே போகும்போது மலக்குடலுக்கு மேலே உள்ள சிக்மாய்டு பகுதி வளைந்து இழுபடும். 40 செ.மீ. குழாய் போயிருக்கும், முனை இன்னும் சிக்மாய்டிலேயே நிற்கும். அதே ஸ்கோப்பை நேராக்கி வெளியே இழுத்துக்கொண்டு வரும்போது 40 செ.மீ. என்றால் இடப்பக்க மேல் வளைவுக்கு அருகில் வந்துவிடும். நேரான ஸ்கோப்பில் 70 முதல் 80 செ.மீ.க்குள் பெருங்குடலின் தொடக்கமான சீக்கத்தைத் தொட்டுவிடலாம். வளையம் விழுந்தால் 100 தாண்டியும் தொட முடியாது. அதனால் செ.மீ. எழுதினால், வெளியே வரும்போது அளந்ததா, ஸ்கோப் நேராக இருந்ததா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அப்படி எழுதினாலும் அது தோராயம்தான்.

வயிற்றைத் திறந்து செய்த காலத்தில் அறுவை மருத்துவர் குடலைக் கையால் தடவிக் கட்டியைக் கண்டுபிடித்தார். சிறு துளைகள் வழியாகக் கேமராவை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியில் தடவ வழியில்லை. சிறிய கட்டியோ, ஏற்கெனவே பாலிப்பை (சளிச்சவ்வில் முளைக்கும் சதை) எடுத்துத் தழும்பு மட்டும் மிஞ்சிய இடமோ வெளிப்பக்கத்திலிருந்து கண்ணுக்கே தெரியாது. சிடி ஸ்கேனிலும் பல நேரம் தெரியாது. தவறான துண்டை வெட்டிவிடும் ஆபத்து இங்கேதான் வருகிறது. இல்லையென்றால் மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு மேசையிலேயே மறுபடி கொலோனோஸ்கோபி. ஊதிய காற்றில் குடல் உப்பி, லேப்ராஸ்கோப்பின் பார்வையை மறைக்கும்.

இதற்கு மருந்து டாட்டூதான், அதாவது குடல் சுவரில் ஊசியால் மை வைத்துக் குறியிடுவது. கிருமி நீக்கிய கார்பன் மை. கார்பன் அடியில் படியும், ஆகவே நன்றாகக் குலுக்க வேண்டும். ஊசியைச் சுவரில் செங்குத்தாகக் குத்தாமல் சாய்த்து, முதலில் சலைனை (உப்புநீரை) விட்டுச் சளிச்சவ்வுக்கு அடியில் ஒரு கொப்புளம் எழுப்பி, அந்தக் கொப்புளத்துக்குள் 0.5 முதல் 1 மி.லி. மை. ஊசிக்குழாய்க்குள் நிற்கும் சலைன் முதலில் வெளியேறும் என்பதைக் கணக்கில் வைக்காதவர்கள், மை போகிறது என்று நினைத்து வெறும் சலைனை ஏற்றுவார்கள். நேராகக் குத்திச் சுவரைத் தாண்டினால் மை வயிற்றறைக்குள் சிந்தும். அறுவையன்று எல்லாமே கறுப்பாக இருக்கும், எது குறி என்று தெரியாது. ஒரே இடத்தில் வைப்பதும் வீண். அந்த இடம் குடலைப் பிடித்திருக்கும் கொழுப்புத் திரையின் பக்கம் அமைந்துவிட்டால் வெளியே தெரியாது. சுற்றிலும் மூன்று இடங்களில் வையுங்கள்.

எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம் அதிகம். கட்டிக்கு ஆசனவாய்ப் பக்கமாக 3 செ.மீ. தள்ளி. கட்டிக்கு அடியிலேயோ ஒட்டியோ வைத்தால் அந்த அடுக்கு தழும்பாகி ஒட்டிக்கொள்ளும். பிறகு பெரிய மருத்துவமனையில் ஸ்கோப் வழியாகவே எடுத்திருக்கக்கூடிய பாலிப், சலைன் ஏற்றினாலும் மேலெழாது. எந்தப் பக்கம், எத்தனை செ.மீ., எத்தனை இடம் என்று ரிப்போர்ட்டில் எழுதாத டாட்டூ, டாட்டூவே வைக்காமல் விட்டதைவிட ஆபத்து. பார்ப்பவர் கறுப்பைக் கட்டியின் மேல் எல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சீக்கத்துக்கு மை தேவையில்லை. அப்பெண்டிக்ஸ் துளையும் சிறுகுடல் வந்து சேரும் வால்வும் படத்தில் இருந்தால் அதுவே முகவரி. மலக்குடலுக்கும் பொதுவாகத் தேவையில்லை. ஆசனவாய் விளிம்பிலிருந்து அளவும் எம்.ஆர்.ஐ.யும் போதும். அங்கே மை பரவினால் அறுவைத் தளம் கறைபடும்.

உணவுக்குழாய் வேறு கதை. அது நேர்க்குழாய், ஆகவே செ.மீ. நம்பகமானது. முன்பல்லிலிருந்து அளக்கிறோம். மூச்சுக்குழாய் பிரியும் இடம் ஏறத்தாழ 25, இரைப்பை தொடங்குவது ஏறத்தாழ 40. கதிர்வீச்சுக்குத் திட்டமிடுபவர் இந்த எண்களைத்தான் சிடி படத்தின் மேல் பொருத்திப் பார்க்கிறார். அதனால் கட்டியின் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் வேண்டும். ஸ்கோப் தாண்ட முடியவில்லை என்றால் "கீழ் எல்லை பார்க்கவில்லை" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். நம் பக்கத்தில் வெற்றிலை, புகையிலை போட்டுப் பல் விழுந்த பெரியவர்கள் நிறைய. ஈறிலிருந்து அளந்திருந்தால் அதையும் எழுதுங்கள். எல்லையில் ஒரு உலோகக் கிளிப் வைத்துவிட்டுத் திட்டச் சிடி எடுத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் கிளிப் சில நாட்களிலோ வாரங்களிலோ விழுந்துவிடும். சிடி தேதியைக் கேட்டுக்கொண்டு வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ரத்தம் கசியும் புண்ணுக்கும் இதே கிளிப் உதவும். ஸ்கோப்பில் நிறுத்திய ரத்தம் மறுபடி வந்தால், ரத்தக்குழாய் வழியாக அடைக்க ஆஞ்சியோ எடுப்பார்கள். அந்த நேரம் பார்த்துக் கசிவு நின்றிருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாது. புண்ணருகே இருக்கும் கிளிப் எக்ஸ்ரேயில் தெரியும், அடைக்க வேண்டிய கிளையைக் காட்டும்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டியை மட்டும் மிக நெருக்கத்தில் நான்கு முறை எடுத்து ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் எரிச்சல். தூரத்திலிருந்து அடையாளத்தோடு ஒன்று, நெருங்கி ஒன்று, அளவு தெரியத் திறந்த ஃபோர்செப்ஸோடு (ஸ்கோப் வழியாக விடும் சிறு இடுக்கி) ஒன்று, மை வைத்தபின் ஒன்று. இப்படி நான்கு எடுங்கள், கீழே இடத்தின் பெயரை எழுதுங்கள். குழாயின் வளைவைக் காந்தச் சுருள் மூலம் திரையில் காட்டும் ஸ்கோப்புகளும் வந்துவிட்டன. முனை எங்கே நிற்கிறது என்பது உடனே தெரியும், முடிந்தவர்கள் வாங்கட்டும். ஆனால் அடுத்த வாரம் திருச்சியில் வயிற்றுக்குள் பார்ப்பவருக்கு அந்தத் திரை இருக்காது, மைதான் இருக்கும்.

நோயாளியோடு வருபவர்களுக்கு: "எந்த இடம், மை வைத்தீர்களா, கிளிப் போட்டீர்களா?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். படங்களைப் பென்டிரைவிலும் கேளுங்கள். தெர்மல் தாளில் தந்தால் லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் கறுத்துவிடும். கைப்பேசியில் படம் பிடித்து வைத்தால் போதும். கிளிப் போட்டிருந்தால், பிறகு எந்தக் காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனாலும், அறைக்குள் நுழையும் முன்பே டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். எல்லாக் கிளிப்பும் எம்.ஆர்.ஐ.க்கு ஒத்துவராது. அதன் பெயர் ரிப்போர்ட்டில் இருந்தால் அவரால் சரிபார்த்துக்கொள்ள முடியும்.