நிரூபணம் இல்லையென்றால் பாதிப்பே இல்லையா?

ஆலைக்கழிவுக் கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் புகார் கொடுக்கப் போனால் முதலில் கேட்கப்படுவது, "இதனால்தான் நோய் வந்தது என்பதற்கு என்ன நிரூபணம்?" என்றுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் படும். எனக்கென்னவோ இந்தக் கேள்வி மீது பெரிய மரியாதை கிடையாது.

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்று ஓர் இடம். அரைகுறையாக வெட்டிக் கைவிட்ட கால்வாயில் 1953 வரை ஏறத்தாழ 20,000 டன் ரசாயனக் கழிவைப் புதைத்து, மண்ணைப் போட்டு மூடி, பள்ளி நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிலத்தில் பள்ளிக்கூடம் வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-ல் லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசியும் அக்கம்பக்கத்தினரும் வீடு வீடாக ஏறி இறங்கி, யாருக்கு என்ன நோய் என்று கேட்டு வரைபடத்தில் குறித்தார்கள். நோய் இருந்த வீடுகள் கால்வாயைச் சுற்றி வட்டமாக அமையவில்லை. கோடு பிடித்தாற்போல் தள்ளித் தள்ளி இருந்தன. எப்போதோ தூர்ந்துபோன நீரோடைகள் அந்தக் கோடுகளில்தான் ஓடியிருக்கின்றன! அதிகாரிகள் அதை வீட்டுப் பெண்களின் கணக்கு என்று ஒதுக்கினார்கள். கடைசியில் நூற்றுக்கணக்கான குடும்பங்களை அங்கிருந்து வெளியேற்ற வேண்டியதாயிற்று.

விஷம் கிலோமீட்டர் பார்த்துப் போவதில்லை, தண்ணீர் போகிற வழியில் போகிறது. ஆனால் பெரிய ஆய்வுகள் பெரும்பாலும் தூரத்தைத்தான் அளக்கின்றன. அப்படி அளந்தும், ஐரோப்பாவில் 21 அபாயக் கழிவுக் கிடங்குகளை வைத்து 1998-ல் வந்த ஆய்வில், 3 கிலோமீட்டருக்குள் வசித்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு 33% அதிகமாகத் தெரிந்தது. சரி, 2001-ல் வந்த பிரிட்டன் ஆய்வில் வித்தியாசம் மிகச் சிறியதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நாட்டில் 80% மக்கள் ஏதாவது ஒரு கிடங்குக்கு 2 கிலோமீட்டருக்குள்தான் இருந்தார்கள். வீட்டுக் குப்பை, ஆலைக்கழிவு எல்லாம் அதில் சேர்த்தி. பிறகு யாரோடு யாரை ஒப்பிடுவது?

சின்ன ஊரென்றால் இன்னும் மோசம். ஐந்நூறு வீடுகளில் மூன்று பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தால் புள்ளியியல் அதைத் தற்செயல் என்றுகூடச் சொல்லும். புற்றுநோய் தலைகாட்டப் பத்திருபது வருஷம் ஆகலாம்; அதற்குள் பாதிப்பேர் வீடு மாறியிருப்பார்கள்.

இத்தனைக்கும் உள்ளே கிடப்பவற்றில் பல நமக்கு நன்றாகத் தெரிந்த சரக்குதான். பென்சீன் ரத்தப் புற்றுநோய் வரவைக்கும். காட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். காரீயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது. ஆகவே நோயாளியிடம் நிரூபணம் கேட்பதை விட்டுவிட்டு, கிடங்கை நடத்துகிறவர் சுற்றியுள்ள கிணறுகளையும் காற்றையும் அளந்து மாதாமாதம் ஊரார் பார்வைக்கு வைக்கட்டும். அளக்கவே இல்லையென்றால் நிரூபணம் எங்கிருந்து முளைக்கும்?

அப்புறம், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கிருமிதான் சாகும், காரீயமும் காட்மியமும் அப்படியே இருக்கும், தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவை மட்டும் காட்டும் டிடிஎஸ் மீட்டரும் இதைக் காட்டிக் கொடுக்காது. ஆய்வகத்தில் கொடுக்கும்போது கன உலோகங்களையும் எளிதில் ஆவியாகும் ரசாயனங்களையும் சோதிக்கும்படி பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் வழக்கமான உப்பு, கடினத்தன்மை சோதனையோடு முடித்து, குடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு.