‘நான்’ என்று கதை சொல்பவர் ஆசிரியரா? – உண்மை விளக்கம்

தன்மையில், அதாவது ‘நான்’ என்று சொல்லப்படும் கதை ஆசிரியரின் தன்வரலாறே என்றும், அதற்கு 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ சான்று என்றும் ஒரு கருத்து பகிரப்படுகிறது. இது தவறு.

அந்நாவலில் ‘நான்’ என்று பேசுபவன் சத்தியபுரியில் செல்வச் செழிப்புள்ள முதலியார் குடும்பத்தில் பிறந்த பிரதாபன். எழுதிய வேதநாயகம் பிள்ளையோ குளத்தூரில் பிறந்த கிறித்தவர், மாயூரத்தில் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தவர். பிரதாபனின் மனைவி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் நாடாளும் பகுதியைப் படித்த பிறகும் இதை வாழ்க்கைக் குறிப்பு என்று எப்படி நம்புகிறார்களோ! பாடத்தில் பிரதாபன் செய்த பிழைகளுக்காக அவனுடைய உபாத்தியாயரின் மகன் கனகசபை அடிவாங்கியதைப் பிரதாபனே சொல்லும்போது, செல்லம் கொடுத்து வளர்க்கும் பணக்கார வீட்டின் மீதான கேலி தானாகவே வெளிப்படுகிறது. ஆசிரியர் குறுக்கிட்டுக் கண்டிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. கதைசொல்லியைத் தம்மிடமிருந்து வேறாகப் படைப்பதன் பயன் இதுவே.

இந்த உத்தி நாவலோடு வந்ததும் அன்று. குறுந்தொகை 25ஆம் பாடலில், களவு மணத்திற்குச் சாட்சியாக ஓடுநீரில் ஆரல் மீன் பார்த்து நின்ற குருகு மட்டுமே இருந்தது என்று கலங்குபவள் தலைவி, பாடியவர் கபிலர்.