ஒட்டாவாவில் நர்சிங் படிக்கப் பிரெஞ்சு கட்டாயமா?

கனடாவில் குடியேறிய தம்பி மகளுக்காகக் குழித்துறை அக்கா கேட்டதற்கு, "ஒட்டாவா இருமொழிப் பல்கலைக்கழகம், பிரெஞ்சு தெரியாமல் நர்சிங் படிக்க முடியாது" என்று மேலே ஒரு அண்ணன் பதில் போட்டிருக்கிறார். அது சரியில்லை.

அங்கே நர்சிங் பட்டப்படிப்பு ஆங்கிலத்திலும் உண்டு, பிரெஞ்சிலும் உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்துக்கும் பரீட்சையைப் பிரெஞ்சில் எழுதலாம் என்பது மாணவருக்குள்ள உரிமை. அண்ணன் அதைக் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டார் போல. படித்து முடித்து, ஒட்டாவா இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் நர்ஸாகப் பதிவு செய்யவும் இரண்டில் ஒரு மொழி போதும். நர்ஸ் உரிமத்துக்கான என்க்ளெக்ஸ் தேர்வும் அப்படித்தான். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் கதை வேறு: அங்கே நர்ஸாகப் பதிவு செய்யப் பிரெஞ்சு வேண்டும்.

ஆனால் வார்டில் பிரெஞ்சு உதவும், அதை மறுக்கவில்லை. மொன்ஃபோர் என்ற பிரெஞ்சு மருத்துவமனையே அந்த ஊரில்தான் இருக்கிறது. கேரள எல்லையில் இருக்கும் நம் களியக்காவிளைப் பக்கத்து சிஸ்டர்களைக் கேட்டுப் பாருங்கள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் படித்திருந்தாலும், "எவிடெயா வேதன?" (எங்கே வலி?) என்று மலையாளத்தில் கேட்டால்தான் சில பாட்டிகள் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். அதெல்லாம் வேலையில் சேர்ந்தபின் பழகிக்கொள்ளலாம். அக்கா, மகளை ஆங்கிலப் பிரிவுக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.