இசைக்குறிக்கா மாதச் சந்தா?

சென்ற ஞாயிறு மதியம், பன்னிரண்டு வயதுப் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, மாதச் சந்தா கட்டி இணையத்தில் படம் பார்க்கும் சேவையில் ‘ரோஜா’ படத்தைப் போட்டேன். 1992இல் வந்த படம். வசனங்களுக்கெல்லாம் ஆங்கில சப்டைட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ‘சின்னச் சின்ன ஆசை’ தொடங்கியதுதான் தாமதம், எழுத்து நின்றுபோய், திரையின் அடியில் ஒற்றை இசைக்குறி வந்து உட்கார்ந்துகொண்டது. “என்ன பாடுகிறாள், தாத்தா?” என்று கேட்டாள் பேத்தி. படத்தை நிறுத்தி ஒரு வரிக்குப் பொருள் சொன்னேன், ஓடவிட்டேன், மறுபடி நிறுத்தினேன். நான்காவது முறை நிறுத்தியபோது அவள் கைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள்.

அந்தப் பாட்டை எழுதியதற்காகத்தான் வைரமுத்துவுக்கு அந்த ஆண்டின் சிறந்த பாடலாசிரியர் என்ற தேசிய விருது கிடைத்தது. விருது வாங்கிய வரிகள், மாதம் தவறாமல் தென்னாப்பிரிக்க ராண்டில் சந்தா கட்டுகிற என் வீட்டுக்கு வெறும் இசைக்குறியாக வந்து சேர்ந்தால் வயிறு எரியாதா?

இங்கே டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், தொண்ணூறுகளில் நாங்கள் படம் பார்த்த கதையைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்ப மாட்டார்கள். இந்தியா 1946இலேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்துக்கொண்டிருந்தது. 1993இல் உறவு மீண்டும் துளிர்க்கும் வரை எங்கள் படங்கள் எந்தெந்த ஊரையோ சுற்றிக்கொண்டு, பிரதிக்குப் பிரதி எடுத்த பிரதியாக வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை மாலை வேலை முடிந்து வரும் வழியில் வாடகைக்கு எடுக்கும் வீடியோ கேசட்டில் பாதித் திரைக்கு மழை பெய்யும். டிராக்கிங் பொத்தானைத் திருகித் திருகி விரல் நோகும். ஒரு முறை சண்டைக் காட்சியின் நடுவே யாரோ ஒருவருடைய கல்யாண ஊர்வலம் பதிவாகியிருந்தது. அகலத் திரைக்கு எடுத்த படத்தின் இரண்டு ஓரங்களும் அந்தச் சதுரப் பெட்டிக்குள் அடங்காமல் வெட்டுப்பட்டிருந்ததையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டில் கைவைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

பாட்டுதான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். நான் படித்த பள்ளியில் ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ், கோயில் மண்டபத்துச் சனிக்கிழமை வகுப்போடு சரி. என் அத்தைக்கு அதுவும் வாய்க்கவில்லை. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. வீடியோ பெட்டிக்கு முன்னால் பாயை விரித்து உட்கார்ந்து, ஒரு வரி கேட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டு, சிவப்பு அட்டை போட்ட நோட்டுப் புத்தகத்தில் ஆங்கில எழுத்திலேயே தமிழ்ப் பாட்டை எழுதி வைப்பார். புரியாத சொல்லுக்குக் கீழே கோடு போட்டு வைத்து, அப்பா வேலையிலிருந்து வந்ததும் பொருள் கேட்பார். நிறுத்தி நிறுத்தியே அந்த கேசட் பெட்டியின் பொத்தான் உள்ளே போய்விட்டது.

இன்று அத்தைக்குப் பதில், சப்டைட்டில் எழுதச் சம்பளம் வாங்குகிற ஆள் இருக்கிறார், வேலைதான் நடக்கவில்லை. படத்துக்கு உரிமை ஒருவரிடம், பாட்டுக்கு உரிமை கேசட் கம்பெனியிடம் என்று காரணம் சொல்வார்கள். இலவசமாக ஏற்றப்படும் படங்களில் பாட்டு வரும் இடத்தை ஊமையாக்கி விடுவதும், பாட்டையே கத்தரித்து எறிவதும் அதனால்தான் என்று எனக்கும் தெரியும். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு பாட்டை முழுதாகப் பாடவிடுகிறவருக்கு, அதன் பொருளைக் கீழே எழுதுவதற்கு மட்டும் கை வராதா? புகார் எழுதினேன். என் மேலான கருத்துக்கு நன்றி என்று ஒரு மறுமொழி வந்தது. அடுத்த மாதச் சந்தா மட்டும் ஒரு நாள்கூடப் பிந்தவில்லை.

வசனத்தின் லட்சணமாவது பரவாயில்லையா என்றால் அதுவும் இல்லை. அண்ணனும் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே ‘ப்ரோ’ ஆகிவிடுகிறார்கள். முறைமாமனைக் கதாநாயகி ‘மாமா’ என்று அழைத்தால் ‘அங்கிள்’ என்று வருகிறது. அவரையே அவள் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்றதும் என் பேத்தி அலறிவிட்டாள். அதை விளக்கி முடிப்பதற்குள் இடைவேளை வந்துவிட்டது. பாதிப் படங்கள் ‘உங்கள் நாட்டில் கிடைக்காது’ என்று முகத்தில் அடிப்பதைப் பற்றி எழுதத் தொடங்கினால் இன்னொரு பதிவாகும், விடுங்கள்.

ஞாயிறு இரவு அத்தையின் நோட்டைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்தேன். ஆங்கில எழுத்து என்பதால் பேத்தி தானே படித்தாள்; தடுக்கித் தடுக்கி, ஆனால் தமிழாகவே படித்தாள். ‘சின்னச் சின்ன ஆசை’ முழுதாக இருந்தது. அடுத்ததாக, 1994இல் வந்த ‘கருத்தம்மா’வில் ஸ்வர்ணலதா பாடித் தேசிய விருது பெற்ற ‘போறாளே பொன்னுத்தாயி’யைக் கேட்டாள். பக்கத்தைப் புரட்டினால் அந்த இடத்தைப் பூச்சி அரித்திருந்தது. தலைப்பும் முதல் வரியின் பாதியும்தான் மிச்சம். சரி, படத்தையே போட்டுப் பார்ப்போம் என்று போட்டேன். பாட்டு வந்தது, கூடவே அந்த இசைக்குறியும் வந்தது.